லேஸும் பூத்தையலும் கொண்ட பழைய வீட்டுத் துணிகள்: அடையாளம் காண்பது முதல் பத்திரமாக வைப்பது வரை

பாட்டியின் பெட்டியிலிருந்தோ, பழைய பொருள் விற்கும் இடத்திலிருந்தோ, கையால் பின்னிய லேஸ் வைத்த ஒரு மேஜை விரிப்பு கைக்கு வந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அதை வெளுக்கப் பார்ப்பதுதான். மஞ்சளித்திருக்கிறதே, பழுப்புப் புள்ளி இருக்கிறதே என்று நேராகத் தண்ணீரில் போட்டுவிடுகிறோம். பழந்துணிகளில் கணிசமானவை பெட்டிக்குள் கிடந்து அழிவதில்லை, இந்த முதல் துவைப்பில்தான் அழிகின்றன. நூலுக்கு வலு இருக்கும்வரை துணி வாழும். மஞ்சள் நிறம் கண்ணுக்குத்தான் உறுத்தல். இழை நைந்துபோனால் திரும்ப வராது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் 'இது வெளுக்குமா' என்று பார்ப்பதற்கு முன்னால் 'நூல் தாங்குமா' என்று பாருங்கள்.

படி 1: விரித்துப் போட்டுப் பாருங்கள்

கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கிரீம், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். லேஸில் ஒரு கண்ணி மோதிரத்தில் மாட்டினால் போதும், பக்கத்துக் கண்ணிகளும் சேர்ந்து போகும். மேஜைமேல் கறுப்பு அல்லது கருநீலத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் பழைய துணியைப் பரப்புங்கள். அடர்நிறப் பின்னணியில் லேஸின் அமைப்பு தெளிவாகத் தெரியும். இழை பொடிந்து உதிர்கிறதா என்பதும் அதில்தான் தெரியும்.

பூதக்கண்ணாடி ஒன்று அவசியம். 10 மடங்கு பெரிதாக்குவது நல்லது. பிறகு துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக இரு கைகளிலும் ஏந்திப் பாருங்கள். நுனியைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். மெலிந்துபோன இடங்கள், பழைய ஒட்டு, இழை இழுத்த தையல், மடிப்புக் கோட்டில் விழுந்த வெடிப்பு எல்லாம் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். எதையும் தொடுவதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், கறைகள் என்று படமெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: துணி என்ன துணி?

பழைய வீட்டுத் துணிகளில் பெரும்பகுதி லினன் அல்லது பருத்தி. லினன் ஆளிச் செடியின் தண்டு நாரிலிருந்து வருவது. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், சட்டென்று கசங்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வேகமாகப் பரவும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நூல் ஒரே தடிமனில் ஓடாது, ஆங்காங்கே தடித்து மெலியும். பருத்தி நூல் இன்னும் சீராகவும் மென்மையாகவும் இருக்கும், பிசிரும் கொஞ்சம் கூடுதல். நெசவிலேயே பூவேலை மின்னும் டமாஸ்க் துணி இரண்டிலும் உண்டு.

ஓரத்தில் தானாகவே பிரிந்து நிற்கும் இழை ஒன்று கிடைத்தால் அதை மட்டும் எடுத்து, இடுக்கியில் பிடித்துப் பாதுகாப்பான இடத்தில் எரித்துப் பார்க்கலாம். லினனும் பருத்தியும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றம் தரும். செயற்கை இழை உருகி முத்துபோல் கட்டியாகும். நைலான் சந்தைக்கு வந்தது 1930-களின் இறுதியில், பாலியெஸ்டர் அதற்கும் பின்னால். ஆகவே உருகும் நூல் இருந்தால் அது மிகப் பழைய துணி இல்லை, அல்லது பிற்காலத்தில் யாரோ சீர்செய்திருக்கிறார்கள். பட்டு நூலில் பூத்தையல் போட்ட லினனும் உண்டு. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அதை வீட்டில் தண்ணீரில் போடக் கூடாது.

படி 3: லேஸ் எப்படி உருவானது?

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். லேஸ் அழகாக இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போகிறது என்று கண்ணாடியில் தொடருங்கள். அந்த நூல் போகும் வழியே லேஸின் வகையைச் சொல்லிவிடும்.

ஊசி லேஸ் என்பது ஒரே ஊசி, ஒரே நூல் கொண்டு காஜா தையலை வரிசை வரிசையாக அடுக்கி உருவாக்குவது. அடித்துணியில் இழைகளை உருவி, மிச்ச இழைகளின்மேல் தைப்பதிலிருந்து இது தொடங்கியது. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில், குறிப்பாக வெனிஸ் பகுதியில், அடித்துணியே இல்லாமல் காற்றில் தைப்பதுபோலத் தைக்கும் கலையாக வளர்ந்தது. பிரான்ஸ் இதற்காகப் பெரும்பணத்தை வெளியே அனுப்ப வேண்டியிருந்ததால், பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665-இல் அலென்சோன் உள்ளிட்ட ஊர்களில் அரசு ஆதரவோடு லேஸ் தொழிலைத் தொடங்கினார். அலென்சோன் ஊசி லேஸ் 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூதக்கண்ணாடியில் சின்னச் சின்ன வளையங்கள் வரிசையாக ஒன்றையொன்று பற்றி நிற்பது தெரிந்தால் அது ஊசி லேஸ்.

பாபின் லேஸ் வேறு வகை. ஒரு திண்டின்மேல் மாதிரித் தாளை வைத்து, ஊசி குத்தி, சிறு மரத்தண்டுகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கியும் முறுக்கியும் பின்னுவார்கள். அடர்த்தியான பகுதி நிஜ நெசவு மாதிரியே பாவும் ஊடுமாக இருக்கும். இதில் முடிச்சோ வளையமோ தெரியாது. பிரஸ்ஸல்ஸ், புருஜ், வலென்சியேன், இங்கிலாந்தின் ஹோனிடன் எல்லாம் இதற்குப் பெயர்போன ஊர்கள். விக்டோரியா அரசி 1840-இல் தன் திருமணத்துக்கு ஹோனிடன் லேஸ் அணிந்தார். ஆனால் வீட்டுத் துணிகளின் ஓரத்தில் இத்தனை நுட்பமான லேஸ் குறைவு. டார்ஷான் என்ற, கொஞ்சம் தடித்த நூலில் கட்டம் கட்டமாக வரும் எளிய பாபின் லேஸ்தான் தலையணை உறை, படுக்கை விரிப்பு, துவாலை ஓரங்களில் அதிகம்.

குரோஷா உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். ஒற்றைக் கொக்கியால் கண்ணிக்குள் கண்ணி இழுத்துப் பின்னுவது. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சக் காலத்தில் பல குடும்பங்களுக்குக் குரோஷா லேஸ் கஞ்சி ஊற்றியது. ரோஜா, இலை, கொடி என்று தனித்தனியாகப் பின்னிப் பிறகு வலையால் இணைக்கும் ஐரிஷ் குரோஷா அங்கிருந்துதான் பரவியது. உண்மையான குரோஷாக் கண்ணியை அப்படியே போடும் எந்திரம் சந்தையில் இல்லை. ஆகவே குரோஷா என்று உறுதியானால் கைவேலை என்பதும் உறுதி. பழையதா என்பது மட்டும் தனிக் கேள்வி.

ஃபிலே என்பது முதலில் மீன்வலைபோல் முடிச்சிட்ட சதுர வலையைக் கட்டி, பிறகு சில சதுரங்களை ஊசியால் நிரப்பிப் படம் வரைவது. ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் விரல் நுனியால் தடவுங்கள். முடிச்சு தட்டுப்பட்டால் கைவேலை, தட்டுப்படாவிட்டால் எந்திர வலை. இவ்வளவு சுலபமான சோதனை வேறு எந்த லேஸுக்கும் கிடையாது. டாட்டிங் தறி ஓடம்போன்ற சின்னக் கருவி ஒன்றால் முடிச்சுகளைக் கோத்து வளையங்களாக்குவது. கைக்குட்டை ஓரத்தில் அடிக்கடி காணலாம். நாடா லேஸில் குழப்பம் ஒன்று உண்டு. நாடாவை எந்திரம் நெய்திருக்கும், அதை வளைத்துத் தைத்து இடைவெளிகளை ஊசியால் நிரப்பியது மட்டும் கை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வீட்டுப் பெண்கள் மிக விரும்பிச் செய்தது இது. எந்திர நாடா இருக்கிறது என்பதற்காக இதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த நிரப்புத் தையல்களில்தான் வேலையின் தரம் தெரியும்.

எந்திர லேஸ் புதிதாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஜான் ஹீத்கோட் 1809-இல் வலை பின்னும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1813-இல் ஜான் லீவர்ஸ் இன்னொரு எந்திரம் செய்தார். 1880-களில் வேதிலேஸ் வந்தது. அதாவது கரையக்கூடிய துணியில் எந்திரப் பூத்தையல் போட்டு, அந்தத் துணியைக் கரைத்துவிட்டால் லேஸ் மட்டும் மிஞ்சும். இதைப் பார்த்து ஊசி லேஸ் என்று ஏமாறுகிறவர்கள் ஏராளம். கண்ணாடியில் நூல்கள் பிசிர் பிசிராக, தாறுமாறாக ஒன்றன்மேல் ஒன்று ஓடும். ஒரு நூலைத் தொடர முயன்றால் வழி தெரியாது. அதுவே அடையாளம். பார்மென் என்ற ஜெர்மன் ஊரின் பெயரைத் தாங்கிய எந்திரம் மட்டும் டார்ஷான் லேஸின் பின்னலை அச்சு அசலாகச் செய்யும். அங்கே நீளவாக்கில் பார்த்துக்கொண்டே போங்கள். எந்தச் சலனமும் இல்லாமல் ஒரே சீராக ஓடுகிறதா, மூலை திரும்பும் இடத்தில் லேஸை மடித்தோ சுருக்கியோ தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கையால் பின்னியவர் மூலைக்கென்று தனியாக வடிவம் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: பூத்தையலைப் புரட்டிப் பாருங்கள்

பின்பக்கம் பொய் சொல்லாது என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி. கையால் தைத்தவர் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலைக் கொண்டுபோன தடம், முடிவில் நூலைத் தையலுக்குள் நுழைத்த வால் எல்லாம் பின்னால் தெரியும். தையல் எந்திரத்தில் மேல்நூல் ஒன்று, அடிநூல் ஒன்று, இரண்டும் இரண்டு விதமாக இருக்கும். ஆனால் 1828-இல் மியூலூஸ் நகரின் ஜோசுவே ஹைல்மான் கண்டுபிடித்த பூத்தையல் எந்திரம் இரு முனையும் கூரான ஊசிகளால், ஒற்றை நூலில், கை தைப்பதுபோலவே தைக்கும். பின்பக்கமும் கைவேலை மாதிரியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இடங்களை ஒப்பிடுங்கள். கையால் தைத்தால் நான்கு பூவும் நான்கு விதமாக லேசாக விலகும். எந்திரத்தில் ஒரு பூவில் உள்ள பிழை அடுத்த பூவிலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கும்.

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் வேலை பழைய வீட்டுத் துணிகளில் மிக அதிகம். துளையிட்டு ஓரம் சுற்றித் தைப்பது, பூவைச் சுற்றி வெட்டி எடுத்து நடுவே சிறு பாலங்கள் விடும் ரிச்சல்யூ வேலை, நார்வேயின் ஹார்டாங்கர், டென்மார்க்கின் ஹெடெபோ, போர்ச்சுகலின் மடெய்ரா தீவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்த மடெய்ரா வேலை என்று குடும்பம் பெரியது. ஹார்டாங்கரை அடையாளம் காண்பது எளிது. எல்லாமே இழை எண்ணித் தைத்ததால் வடிவங்கள் சதுரமும் படிக்கட்டுமாக இருக்கும், கொடி போல் வளையாது.

மூலையில் சிறிய சிவப்புக் குறுக்குத் தையலில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது அலங்காரத்துக்காகத் தைத்தது இல்லை. வெளுக்கப் போன துணி யாருடையது, அந்த வகையில் எத்தனையாவது என்று தெரிவதற்கான குறி. எண் வரிசைப்படி சுழற்சியில் பயன்படுத்தினால் எல்லாத் துணியும் சமமாகத் தேயும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அந்தக் குறியைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒரு வீட்டின் கதையாக நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

படி 5: வயதைக் கணிப்பது

வியாபாரத்தில் பொதுவாக 100 ஆண்டுக்கு மேற்பட்டதைத்தான் தொன்மையானது என்பார்கள். ஒரே தடயத்தை வைத்து வயது சொல்லாதீர்கள், மூன்று நான்கு தடயங்கள் ஒரே திசையைக் காட்ட வேண்டும். படுக்கை விரிப்பின் நடுவில் நீளமாக ஒரு தையல் ஓடினால், கைத்தறியின் அகலம் போதாமல் இரண்டு துண்டை இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது நல்ல தடயம். தையல் எந்திரத்தால் மடித்துத் தைத்த ஓரம் இருந்தால் பழையதில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே வீடுகளில் எந்திரம் இருந்தது. பூத்தையல் நூல் பளபளவென்று மின்னினால் அது மெர்சரைஸ் செய்த, அதாவது காரக் கரைசலில் நனைத்து மெருகேற்றிய பருத்தியாக இருக்கலாம். ஜான் மெர்சர் 1844-இல் இந்த முறையைக் கண்டாலும், நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு செய்தால்தான் மினுக்கம் வரும் என்று 1890-ஐ ஒட்டித்தான் ஹோரஸ் லோ கண்டார். பளிச்சென்ற ஊதா, மெஜந்தா நிறங்கள் 1856-இல் ஆங்கில வேதியியலாளர் பெர்கின் செயற்கைச் சாயம் கண்ட பிறகு வந்தவை.

புற ஊதா விளக்கு இருந்தால் இருட்டில் காட்டுங்கள். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் துணியை வெண்மையாகக் காட்டும் ஒளியூட்டும் சேர்மம் அதில் ஏறியிருக்கிறது. அது சலவைத்தூளில் பரவலானது 1940-களுக்குப் பிறகு. ஆனால் 150 ஆண்டுத் துணியையும் போன மாதம் சலவைத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். எனவே ஒளிராத துணிக்கு இது சாதகமான சாட்சி, ஒளிரும் துணிக்கு எதிரான சாட்சி இல்லை.

படி 6: துவைக்கலாமா?

ஓரத்தை விரலில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். முறுமுறுவென்று சத்தம் வந்தாலோ, இழை ஒடிந்தாலோ, கறுப்புத் துணியில் தூள் விழுந்தாலோ நிறுத்திவிடுங்கள். அந்தத் துணிக்குத் தண்ணீர் வேண்டாம், அதைப் பழந்துணிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். பட்டு நூல், உலோக இழை, கைவண்ணம் தீட்டிய துணி ஆகியவற்றுக்கும் இதே முடிவுதான்.

நிற நூல் இருந்தால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து வெள்ளைப் பஞ்சை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். பிறகு துவைக்கப்போகும் சோப்புக் கரைசலிலும் அதையே செய்யுங்கள். தண்ணீரில் சாயம் போகாத சிவப்பு, சோப்பில் போகலாம். பஞ்சில் துளி நிறம் ஏறினாலும் ஊறவைக்கக் கூடாது.

படி 7: துவைப்பு

லேஸில் அறுந்த கண்ணி, கழன்ற ஓரம் இருந்தால் முதலில் அவற்றைப் பிடித்து வைக்க வேண்டும். பருத்தி நூலால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, மிகவும் நைந்த பகுதியை இரண்டு மெல்லிய வலைத்துணிகளுக்கு நடுவே வைத்துச் சுற்றிலும் தைத்துவிடுங்கள். ஓட்டையைத் துவைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது இரு மடங்காகும்.

அகலமான தொட்டியில் வெள்ளைத் துவாலை அல்லது வலைத்துணியை விரித்து, அதன்மேல் பழைய துணியைப் பரப்பி, வெதுவெதுப்பான மென்னீரை மெல்ல நிரப்புங்கள். ஈரமான லினன், பருத்தி நூல் காய்ந்த நூலைவிட வலுவானதுதான். ஆனால் ஈரத் துணியின் கனம் மிக அதிகம். மூலையைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கனம் முழுவதும் நாலைந்து லேஸ் கண்ணிகளில் தொங்கும். ஆகவே எப்போதும் அடியில் விரித்த துவாலையோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும்.

முதலில் சோப்பில்லாத தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். தண்ணீர் தேநீர் நிறமானால் பயப்படாதீர்கள், பழைய துணி சேர்த்து வைத்த அமிலமும் அழுக்கும் வெளியேறுகிறது. நூலை அரிப்பது அந்த அமிலம்தான். ஆகவே துணி வெளுக்காவிட்டாலும் இந்த ஊறலே பெரிய நன்மை. தண்ணீரை மாற்றி மாற்றி, நிறம் இறங்குவது குறையும்வரை ஊறவையுங்கள். பலமுறை இதோடு நிறுத்திவிடலாம்.

போதாவிட்டால் நிறமும் மணமும் சேர்க்காத மிதமான திரவ சோப்பைக் கொஞ்சமாகக் கலந்து, உள்ளங்கையால் மேலிருந்து கீழே அழுத்தி அழுத்தி விடுங்கள். தேய்க்க, பிழிய, முறுக்க வேண்டாம். என்சைம் சேர்த்த சலவைத்தூளைத் தவிர்ப்பது நல்லது, பருத்தி நாரின் மேற்பரப்பையே மென்று மிருதுவாக்கும் என்சைமும் அவற்றில் இருப்பதுண்டு. பிறகு அலசல். நுரை நின்ற பிறகும் இரண்டு முறை அலசுங்கள். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் கிடைத்தால் மிக நல்லது. குழாய்த் தண்ணீரில் இரும்புச்சத்து இருந்தால் அதுவே நாளைக்குப் பழுப்புப் புள்ளியாகும்.

படி 8: கறைகள்

குளோரின் பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம். அது கறையோடு நாரையும் சிதைக்கும். அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும், சில காலம் கழித்துக் கை பட்டாலே கிழியும்.

வலுவான வெள்ளை லினன் அல்லது பருத்தித் துணியில் பரவலான மஞ்சள் மட்டும் இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் வெளுப்பான் கலந்த நீரில் ஊறவைக்கலாம். மணிக்கு ஒரு தடவை பாருங்கள், போதும் என்று தோன்றும் முன்பே எடுத்துவிடுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை: துணியில் துருக் கறை இருக்கக் கூடாது. இரும்பு இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் வெளுப்பான் கட்டுமீறி வேலை செய்து, அந்தப் புள்ளியிலேயே துணியை ஓட்டையாக்கிவிடும். இது பலருக்குத் தெரியாது, நல்ல துணிகள் இப்படித்தான் பொத்தலாகின்றன.

துருவுக்கு எலுமிச்சைச் சாறும் வெயிலும் என்ற கைவைத்தியம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அமிலம், புற ஊதா இரண்டும் சேர்ந்து நூலை வலுவிழக்கச் செய்யும். தடித்த துவாலைக்குப் பரவாயில்லை, லேஸுக்கு வேண்டாம். சின்னத் துருப்புள்ளியை அப்படியே விட்டுவிடுவதுதான் என் முடிவு.

சொட்டு நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழங்காலத்தில் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலங்களில் ஒன்று பிரஷ்யன் நீலம், அது இரும்புச் சேர்மம். கார சோப்பு அதன்மேல் பட்டால் சிதைந்து துருவாகப் படியும். துணி முழுக்கச் சிதறிய சிறு பழுப்புப் புள்ளிகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும், சூடு பட்டால் கறை நிரந்தரமாகிவிடும். மெழுகைக் குளிரவைத்து உதிர்த்து, மிச்சத்தை உறிஞ்சு தாளுக்கு நடுவே மிதமான சூட்டில் எடுக்கலாம்.

படி 9: உலர்த்தலும் இஸ்திரியும்

துணியைக் காய்ந்த துவாலைக்குள் சுருட்டி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். பிறகு படுக்கவைத்து, நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். கொடியில் போட வேண்டாம்.

லேஸை வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு இதுவே நேரம். தட்டையான பலகையில் பாலிதீன் தாளும் அதன்மேல் வெள்ளைத் துணியும் விரித்து, ஈர லேஸை விரல் நுனியால் நீவி, ஒவ்வொரு வளைவையும் துருப்பிடிக்காத எஃகு ஊசியால் நிறுத்துங்கள். நூலைக் குத்தாமல் கண்ணிக்குள் குத்த வேண்டும். நடுவிலிருந்து வெளியே, எதிரெதிர்ப் பக்கமாகப் போனால் கோணாது. இப்படிச் செய்த லேஸுக்கு இஸ்திரியே தேவைப்படாது.

துணிப்பகுதிக்கு இஸ்திரி வேண்டுமென்றால் ஈரம் முழுவதும் போகும் முன் போடுங்கள். பூத்தையல் கீழ்நோக்கி இருக்கும்படி தடித்த துவாலைமேல் வைத்து, பின்பக்கத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை விரித்துத் தேய்த்தால் மேடான தையல் நசுங்காது. பெட்டியின் முனை துளைகளில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறையுள்ள துணிமேல் சூடு படக் கூடாது.

படி 10: சீர்செய்வது

குறைவாகச் செய்யுங்கள், திரும்பப் பிரிக்கும்படி செய்யுங்கள். இஸ்திரி போட்டால் ஒட்டும் பசைத்துணி கூடவே கூடாது, பசை நாளடைவில் மஞ்சளித்து நாரோடு கெட்டியாகிவிடும். குரோஷாவில் கண்ணி கழன்றால் அன்றே ஒரு நூலைக் கோத்துக் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். ரிச்சல்யூ வேலையில் அறுந்த பாலத்துக்கு இரண்டு மூன்று இழை ஓட்டி அதன்மேல் காஜா தையல் போட்டால் போதும்.

நூல் தேர்வில் ஒரு விதி: புது நூல் பழைய துணியைவிட வலுவாக இருக்கக் கூடாது. பாலியெஸ்டர் நூல் கத்தி மாதிரி பழைய லினனை அறுக்கும். மெல்லிய பருத்தி நூல் நல்லது. லினன் துணியில் ஓட்டையை நிரப்ப, அதே துணியின் மடித்த ஓரத்துக்குள் மறைந்திருக்கும் உபரி இழையை உருவி எடுத்தால் நிறமும் தடிமனும் அப்படியே பொருந்தும். பாவில் ஒரு வரிசை, ஊடில் ஒரு வரிசை என்று நெய்வதுபோல் ஓட்டி, ஓட்டையின் விளிம்பைத் தாண்டி வலுவான இடம்வரை கொண்டுபோங்கள், இறுக்கி இழுக்காதீர்கள்.

பழையவர் ஒருவர் ஏற்கெனவே போட்ட ஒட்டையும், நூலோட்டி அடைத்த ரஃபுவையும் பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டாம். அவையும் அந்தத் துணியின் வேலைப்பாடுதான்.

படி 11: எங்கே, எப்படி வைப்பது

கஞ்சி போட்டு எடுத்து வைப்பது தவறு. கஞ்சியைத் தேடித்தான் இராமபாணப் பூச்சி வரும், கஞ்சி போட்ட மடிப்பு எளிதில் ஒடியவும் செய்யும். பயன்படுத்தும் அன்றைக்குக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம். அந்துருண்டையும் தேவையில்லை. துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு வேண்டியது கம்பளியும் பட்டும். சுத்தமான லினனும் பருத்தியும் அவற்றுக்கு உணவில்லை.

மரப்பலகையும் சாதாரண அட்டைப்பெட்டியும் அமில ஆவி விடும். மடித்து வைத்த துணியில் பலகையைத் தொட்ட பக்கம் மட்டும் பழுத்திருப்பது இதனால்தான். அமிலமற்ற தாள் கிடைத்தால் அதைச் சுற்றுங்கள். கிடைக்காவிட்டால் பலமுறை துவைத்த, கஞ்சியற்ற வெள்ளைப் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் உறையில் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் வரும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது, 65-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் பூஞ்சணத்துக்கு வாய்ப்பு.

நீளமான விரிப்புகளை மடிப்பதைவிடச் சுருட்டுவது சிறந்தது. அகலமான உருளைமேல் துணி சுற்றி, பூத்தையல் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். மடித்தே ஆகவேண்டும் என்றால் மடிப்புக்குள் தாளைச் சுருட்டி உருட்டி வையுங்கள், கூர்மையான கோடு விழாது. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து வேறு இடத்தில் மடிப்பு வருமாறு மாற்றி வையுங்கள். சிறு வட்ட லேஸ்களை நடுவே தாள் வைத்துப் படுக்கையாக அடுக்கலாம், கனமான எதையும் அவற்றின்மேல் ஏற்ற வேண்டாம்.

சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நேர்வெயில் படாத சுவராகப் பாருங்கள். அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் அனுமதிக்கின்றன, நம் வீட்டு ஜன்னலோரம் அதைவிடப் பல மடங்கு. சில மாதம் மாட்டி, பிறகு கழற்றி ஓய்வு கொடுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் போட்டால் துணி கண்ணாடியைத் தொடக் கூடாது.

படி 12: பயன்படுத்துங்கள், எழுதி வையுங்கள்

வலுவான துணிகளை எடுத்து விரியுங்கள். நாற்காலிச் சாய்வில் தலை எண்ணெய் படாமல் இருக்கப் போட்ட துணி, தட்டு விரிப்பு, தலையணை மேலுறை எல்லாம் பயன்படுத்தச் செய்தவைதான். விருந்தில் பயன்படுத்தினால் அன்றிரவே கறையைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள், உலர்ந்த கறை பத்து மடங்கு தொல்லை. நைந்த துணியை வெட்டிப் பையாகவும் ரவிக்கை ஓரமாகவும் மாற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள துணியில் கத்தரி வைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஏற்கெனவே பாதி அழிந்த துணியில் மிஞ்சிய லேஸைக் காப்பாற்றுவது வேறு விஷயம். அப்போதும் லேஸைக் கத்தரிக்காதீர்கள், இணைத்த தையலை மட்டும் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து எடுங்கள்.

ஒவ்வொரு துணிக்கும் ஒரு சிறு பதிவு வேண்டும். என்ன பொருள், நீள அகலம், துணி வகை, லேஸ் வகை, யாரிடமிருந்து வந்தது, யார் தைத்தார் என்று தெரிந்தால் அவர் பெயர், எப்போது துவைத்தீர்கள், எங்கே சீர்செய்தீர்கள், எந்த நூலால். இதைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கசிந்து துணியில் ஏறும். ஊசியாலோ ஸ்டேப்ளராலோ குத்தாமல், வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுத்தைத் தைத்தோ, அமிலமற்ற தாளில் எழுதித் துணியின் சுற்றுக்கு வெளியே வைத்தோ வையுங்கள். வீட்டில் தைத்தவரைத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இன்றே கேட்டு எழுதிவிடுங்கள். மற்ற விவரங்களைப் பூதக்கண்ணாடியை வைத்துப் பிறகும் கண்டுபிடிக்கலாம், தைத்தவரின் பெயர் அவர்களிடம் மட்டும்தான் இருக்கும்.